மயில் செதுக்கிய பலகை

என் மகளுக்கு வேர்க்காது. பிறவியிலேயே அவள் உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயிலில் நின்றால் மற்றவர்களுக்குச் சட்டை நனையும், அவளுக்கு உடம்பு கொதிக்கும். கொஞ்சம் அசந்தால் சூடு ஏறிக்கொண்டே போய் வலிப்பில் கொண்டுவிட்டுவிடும். இரண்டு முறை விட்டிருக்கிறது. தலைமுடி பஞ்சு மாதிரி மெலிந்திருக்கும். பற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கூராக முளைத்திருக்கும். இதையெல்லாம் இப்போது தயங்காமல் எழுதுகிறேன். ஆனால் ஒன்பது வருஷம் இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் வெளியே விட்டதில்லை. யாராவது கேட்டால், டைபாய்டு வந்து முடி கொட்டிவிட்டது என்பேன். பால் பல் விழுந்து மெதுவாக முளைக்கிறது என்பேன். கேட்டவர்கள் நம்பினார்களோ இல்லையோ, பொய் சொல்லும்போது என் முகம் கோணாது. அந்த மட்டும் நான் கெட்டிக்காரி.

மதுரையில் ஒரு டாக்டர்தான் என்னவென்று கண்டுபிடித்துச் சொன்னார். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தபடி, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் என் அத்தை மகன். அப்பா போன பிறகு என் அண்ணன் ஒற்றைக்காலில் நின்று முடித்து வைத்த கல்யாணம் அது. வெளியே கொடுத்தால் தங்கச்சி கஷ்டப்படுவாள், சொந்தத்தில் கொடுத்தால் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவன் அவன். அவனிடம் போய் டாக்டர் கேட்ட கேள்வியை நான் எப்படிச் சொல்ல? அதனால் அவனுக்கும் டைபாய்டு கதைதான்.

சின்னமனூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு அறைக்குத்தான் ஏசி. பங்குனி பிறந்தால் மகள் அந்த அறைக்குள் போவாள், ஆடிச் சாரல் அடிக்கிற வரைக்கும் அதற்குள்தான் கிடப்பாள். சாப்பாடு, பாடம், விளையாட்டு எல்லாம் பத்துக்குப் பத்து அடிக்குள். நான் தோசை ஊற்றுவதை அடுப்படியில் நின்று பார்க்க வேண்டும் என்று அழுவாள். ஐந்து நிமிஷம் விடுவேன். கழுத்தில் கைவைத்துப் பார்ப்பேன், திரும்ப உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவேன். பெற்ற பிள்ளைக்கு ஜெயில் வார்டன் வேலை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் மார்க்கையன்கோட்டையில் சொந்த வீடு கட்டும்போது, வீடு முழுக்க ஒரே குளுமை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அறைக்கு ஒரு பெட்டி மாட்டுகிற ஏசி இல்லை. கூரைக்கு அடியில் ஒரே மெஷின், அதிலிருந்து தகரக் குழாய் ஓடி, ஹால், அடுப்படி, படுக்கையறை என்று எல்லா இடத்திலும் மேலேயிருந்து காற்று இறங்குகிற ஏற்பாடு. தெருவில் போகிறவர்கள் குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, வீடு கட்டுறீகளா, ஜவுளிக்கடை கட்டுறீகளா?" என்று கேட்டார்கள். வாழைத்தார் யாவாரத்தில் பணம் கொழுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். பணக்காரத் திமிர் என்ற பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது.

குழாய் வேலை முடிந்து, துளைகளுக்கு மூடி மாட்டுகிற கட்டம் வந்தது. வேலை எடுத்தவர் தேனிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வெளியாட்களில் அவரிடம் மட்டும் மகளைப் பற்றி உள்ளதைச் சொல்லியிருந்தோம், கணக்குப் போட அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால். மூடி பார்க்கத் தேனியில் ஒரு கடைக்கு வரச் சொன்னார். நான் போனேன், கூடவே என் நாத்தனாரும் வந்தார். என் கணவரின் அக்கா, சொந்தத்தில் உள்ளது தெரிந்த ஒரே ஆள். நான் மதினி என்று கூப்பிடுவேன். எனக்கு மாமியார் இல்லாத குறையை இருபது மாமியாருக்குச் சமமாக நின்று தீர்த்து வைத்தவர்.

கடைக்காரர் மேஜை மேல் மூடிகளைப் பரப்பினார். அலுமினியத்தில் வெள்ளை, கறுப்பு, பித்தளை நிறம். பிளாஸ்டிக்கில் வட்டமாய்ச் சில. பின்னால் தகடு வைத்துத் திறந்து மூடுகிற மாதிரி சில. மேலே மாட்டுகிற சின்ன மூடிகளில் தகராறு ஒன்றும் வரவில்லை. எல்லாத் தகராறும் கீழே மாட்ட வேண்டிய அந்தப் பெரிய மூடியில்தான்.

"அக்கா, மேல இருக்கிறதெல்லாம் காத்த வெளிய விடுறது. அதுல எத வேணும்னாலும் எடுங்க. ஹால் சுவத்துல கீழ வருது பாருங்க, மூணுக்கு ரெண்டு, அது ரிட்டன். அங்கனதான் மெஷின் காத்த உள்ள இழுக்குது. அது வீட்டுக்கு மூக்கு. மூக்க அடச்சா வீடே மூச்சு முட்டிரும்," என்றார் தேனிக்காரர். சொல்லிவிட்டு, அகலமாய் இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாய் இருந்த ஒரு வெள்ளை மூடியை எடுத்து என் முன்னால் நிறுத்தினார்.

மதினி அதை ஒரு விரலால் தள்ளினார். "இது ஆசுபத்திரில ஆபரேஷன் ரூம்புல இருக்கிறதாச்சே. நடு ஹாலுல இத மாட்டுனா வர்றவுக என்ன கேப்பாக? யாருக்குச் சீக்குன்னு கேப்பாக."

அவர் பயம் எனக்குத் தெரியும். அவர் மகளுக்கு ஆண்டிபட்டியில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பொண்ணோட மாமன் மகளுக்கே இப்படி ஒரு பிறவிக் கோளாறு என்று தெரிந்தால், இந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மதினியைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் சொன்னது என் வாயில் இருந்ததுதான். அந்த வெள்ளை மூடி என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, 'இங்கே ஒரு நோயாளிப் பிள்ளை இருக்கிறது' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும் என்று எனக்கும் தோன்றியது. வேண்டாம் என்றேன்.

சின்னமனூர்த் தச்சர் ஒருவரிடம் தேக்குப் பலகையில் மூடி செய்யக் கொடுத்தோம். நடுவில் தோகை விரித்த மயில், சுற்றிக் கொடி, கொடிக்கு நடுவே ஓட்டைகள். பார்த்தால் மூடி என்றே தெரியாது. சுவரில் பதித்த அலங்காரப் பலகை என்றுதான் தோன்றும். தேனிக்காரர் அதை மாட்டிவிட்டு மெஷினைப் போட்டார். பலகைக்குள்ளிருந்து உஸ்ஸென்று சத்தம் வந்தது. அவர் தலையை ஆட்டினார். ஓட்டை போதாது என்று சொல்லி, தச்சரை வரவழைத்து மயில் தோகையில் இன்னும் நாற்பது துளை போட வைத்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"ஓடும்க்கா. ஆனா இதுக்கு முன்னாடி ரெண்டடிக்கு ஒரு சாமானும் வரக்கூடாது. இது மூடின்னு தெரியாததுதான் இதுல பிரச்சினையே," என்றார். போகும் முன் ஒரு சிவப்பு ஸ்டிக்கரில் 'இங்கே எதையும் வைக்காதீர்கள்' என்று எழுதிப் பலகையின் மேல் ஒட்டினார். பிறகு, காற்று வருகிறதா என்று கீழே நின்றே தெரிந்துகொள்ள, மேலேயிருந்த ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு ரிப்பன் கட்டிவிட்டார். மகளின் சிவப்பு ரிப்பன்தான். காற்று வந்தால் அது பறக்கும்.

விழாவுக்கு முந்தின நாள் அந்த ஸ்டிக்கரை நான் உரித்தேன். யாரும் என்னை உரிக்கச் சொல்லவில்லை. நகத்தால் சுரண்டி, மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ரிப்பன்களையும் அவிழ்த்தேன். ஹாலில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், அது தோரணத்தோடு தோரணமாய்க் கிடக்கட்டும் என்று.

வைகாசி மாதம். விடியும் முன்பே பால் காய்ச்சி, ஹோமம் முடிந்து, புகை கலைந்த பிறகு ஏசியைப் போட்டோம். ரிப்பன் பறந்தது. மகளைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்தேன். தண்ணீர் பாட்டில், ஈரத்துண்டு, படப்புத்தகம் எல்லாம் பக்கத்தில் வைத்தேன். பட்டுப் பாவாடை கேட்டாள். அதையும் கட்டிவிட்டேன், யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே.

"நான் வந்து கூப்பிட்டாத்தான் வெளிய வரணும். யார் கதவத் தட்டினாலும் சத்தம் காட்டக்கூடாது. சரியா?"

"நீ கூப்பிடுவேல்ல?" என்றாள்.

"கூப்பிடுறேன்டா தங்கம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அரைமணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பத்தரை மணிக்குப் பார்த்தபோது கழுத்து குளுமையாக இருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் சீர் கொண்டு வந்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சீர் என்றால் சும்மா இல்லை. சுருளிப்பட்டியிலிருந்து இரண்டு வேனில் ஆட்கள். தெருமுனையிலேயே இறங்கி, மேளத்தோடு, தட்டைத் தலையில் வைத்துப் பெண்கள் வரிசையாய் வந்தார்கள். இடுப்பு உயரப் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டைகள், வாழைத்தார், அவன் தோட்டத்துப் பன்னீர் திராட்சை பெட்டி பெட்டியாய். நான் முனைக்குப் போய் ஆரத்தி எடுத்து அழைத்து வந்தேன். கொண்டுவந்த சீரை நடுவீட்டில் பரப்பி வைப்பார்கள். வந்த சனம் எல்லாம் பார்க்கும். அண்ணனுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு மரியாதை செய்கிறவரை, வைத்த இடத்தைவிட்டு ஒரு தட்டைக்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால், உன் சீர் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று அர்த்தம். அப்படி ஒரு தாம்பாளத்தைத் தள்ளி வைத்ததற்காகப் பதினைந்து வருஷம் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

அண்ணன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். "தங்கச்சி, இங்கன வைக்கவா? இந்த மயிலுக்கு முன்னாடி வச்சா எடுப்பா இருக்கும்" என்றான்.

ஹால் நிறைய ஆட்கள். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அது மூடி என்றால், எதற்கு மூடி, எதற்கு வீடு முழுக்க ஏசி என்று ஒவ்வொன்றாய்க் கேள்வி வரும். "கொஞ்சம் தள்ளி வைண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவனும் ஓரடி தள்ளித்தான் வைத்தான். அதற்குள் ஆண்டிபட்டிக்காரர்கள் வந்துவிட்டதாக வாசலில் இருந்து குரல் வர, மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வீடு நல்லா இருக்கு என்றார், வாசக்கால் நல்லா இருக்கு என்றார். எழுந்திருக்கப் பார்த்தேன், மதினி கண்ணாலேயே உட்கார் என்றார். காபி வந்தது. பிறகு பலகாரம் வந்தது. ஹாலில் புழுக்கமாக இருந்தது, கூட்டம் கூடினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைக? கண்ணுலயே காணமே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஒரே பொண்ணுதான். உள்ள தூங்குறா" என்று சொல்லிக்கொண்டே மேலே பார்த்தேன்.

ரிப்பன் பறக்கவில்லை. செத்த பல்லிவால் மாதிரி நேராய்த் தொங்கியது.

கரண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் விளக்கெல்லாம் எரிந்தது. மெஷின் ஓடுகிற உறுமல்கூட லேசாகக் கேட்டது. அப்போதுதான் சீர் வைத்த பக்கம் பார்வை போனது. அண்டாவுக்கும் மூட்டைகளுக்கும் பின்னால் சுவரில் பச்சைப் பட்டுத்துணி ஒன்று கட்டியிருந்தது. சீர் வைக்கும்போது அது இல்லை. போட்டோக்காரர், பின்னால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது என்று சொல்லிக் கட்டச் சொன்னாராம். அந்தத் துணி தொங்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே இழுத்த இழுப்பில் பலகையின் மேல் இறுக்கமாய்ப் படிந்து, துணிக்கு அடியில் மயிலின் கழுத்தும் தோகையும் அச்சு வார்த்தது போல் புடைத்துத் தெரிந்தன.

மாப்பிள்ளையின் அம்மா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து ஓடினேன்.

கதவைத் திறந்தபோது அறைக்குள் அனல். அவள் கட்டிலில் இல்லை. தரையில், டைல்ஸில் கன்னத்தை வைத்து, பட்டுப் பாவாடையோடு ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் செக்கச் சிவந்திருந்தது. தொட்டேன், தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈரத்துண்டு காய்ந்து மொரமொரவென்று கிடந்தது. அவளே அதை நனைத்து நனைத்துப் போர்த்தியிருக்கிறாள்.

தூக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நாக்கு குழறியது.

"அம்மா, நீ கூப்பிடவே இல்ல."

கத்திக் கூப்பிட அவளுக்குத் தெம்பு இருந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இருநூறு பேர் இருந்திருக்கிறார்கள். நான் சொன்ன சொல்லுக்காக அவள் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேன் என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அறையை ஒட்டிய குளியலறையில் குழாயைத் திறந்தேன். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், உச்சி வெயிலில் வெந்நீராய்க் கொட்டியது. என் கணவர் பின்னாலேயே ஓடிவந்தார். போனில் தேனிக்காரரைப் பிடித்துவிட்டார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"ரிட்டன யாரோ அடச்சிருக்காக. உள்ள ஐஸ் கட்டியிருக்கும். மொதல்ல அடப்ப எடுங்க, மெஷின ஆஃப் பண்ணி ஃபேன் மட்டும் ஓட விடுங்க. ஐஸ் உருகுனாத்தான் காத்து வரும். அதுக்கு நேரமாகும், பிள்ளைய மொதல்ல தண்ணியில வைங்க."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மெல்லிய முடி என் கழுத்தில் ஒட்டியிருந்தது. வாய் திறந்து கூர்ப்பற்கள் தெரிந்தன. மேளக்காரர் சத்தம் நின்றது. மதினி குறுக்கே வந்து, "உள்ள கொண்டு போத்தா, எல்லாரும் பாக்குறாக" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவரை இடித்துக்கொண்டு நடந்தேன். ஒற்றைக் கையால் முதல் தாம்பாளத்தைப் பிடித்து இழுத்தேன். ஆப்பிளும் வெற்றிலையும் தரையில் உருண்டன. ஒரு கிழவி ஐயையோ என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு அப்போதுதான் மாலையை எடுத்து வந்திருந்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. "என்ன பண்ற நீ? சபையில என் சீர எறியிறியா?"

"அண்ணே, இவளுக்கு வேர்க்காது" என்று கத்தினேன். "பிறந்ததுல இருந்தே வேர்க்காது. டைபாய்டெல்லாம் பொய். அந்தத் துணிக்குப் பின்னாடி இருக்கிறது பலகை இல்ல, ஏசி காத்து இழுக்கிற மூடி. அத அடச்சதுல இவ உள்ள வெந்துபோய்க் கிடந்திருக்கா. எனக்குத் தெரியும், நான் சொல்லல. இப்பச் சொல்றேன். எடுண்ணே, எல்லாத்தையும் எடு."

அண்ணன் என்னையும் பிள்ளையையும் பார்த்தான். அவன் கோபத்தில் திரும்பி வாசலைப் பார்த்து நடந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். நடந்தான், ஆனால் சீர்ப்பக்கமாக. அரிசி மூட்டையைக் காலால் உதைத்துச் சாய்த்தான். பட்டுத்துணியைப் பிடித்து இழுத்தான், அது பலகையை விட்டு வர மறுத்து, பிறகு கிழிந்துகொண்டு வந்தது. அடுத்து அண்டாவுக்குள் அடுக்கியிருந்த பாத்திரங்களை எல்லாம் அப்படியே தரையில் கவிழ்த்தான்.

"ஏலே, தரைத்தொட்டியத் திறங்கடா! வாளியக் கொண்டாங்க! மோருக்கு வச்சிருக்க ஐஸக் கொண்டாங்கடா!"

அண்டாவை நடு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே உருட்டி வைத்தான். தரைத்தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்தது. வாளி வாளியாய் ஆட்கள் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவனே என் தோளில் இருந்து அவளை வாங்கி, பட்டுப் பாவாடையோடு அண்டாவுக்குள் இறக்கினான். அவன் புது வேட்டி சட்டையெல்லாம் தண்ணீர். ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தண்ணீரை அள்ளி அள்ளி உச்சியில் ஊற்றினான். "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல ஆத்தா, மாமன் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வந்திருந்த அத்தனை சனமும் சுற்றி நின்று பார்த்தது. யாரை ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று ஒன்பது வருஷம் அடைத்து வைத்தேனோ, அவள் என் பிறந்த வீட்டு அண்டாவில் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கழுத்தில் கையை வைத்தபடியே நின்றேன். சூடு இறங்க மறுத்தது. டாக்டருக்குப் போன் போட்டாயிற்று, கார் வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் என் கையில் அந்தக் கொதிப்பு குறைந்தது. மகள் கண்ணைத் திறந்தாள். தன்னைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். தண்ணீருக்குள் கிடந்த திராட்சைப் பழம் ஒன்றைக் கையில் எடுத்து, "மாமா, இதத் திங்கலாமா?" என்று கேட்டாள். அண்ணன் அப்போதுதான் அழுதான். வாய்விட்டே அழுதான்.

தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். அண்ணன் கூடவே இருந்தான். "ஏன் என்கிட்டச் சொல்லல?" என்று கேட்டான். டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "மாலை போடாமலே சீரப் பிரிச்ச மொத ஆளு நீதான்" என்றான். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

ஆண்டிபட்டிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சொல்லி அனுப்பவே இல்லை. மதினி இன்றுவரை என் வீட்டுப்படி ஏறவில்லை. அவர் மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவர் மகள்மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அன்றைக்குத் திரும்பப் போனாலும் அந்தத் தாம்பாளத்தை இழுக்கத்தான் செய்வேன், இன்னும் ஒரு மணி நேரம் முன்னாலேயே.

மயில் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டோம். புது மூடி எடுக்க, காலை வெயில் ஏறும் முன் தேனிக்குப் போனோம். இந்தத் தடவை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பழையபடி எல்லாவற்றையும் பரப்பினார். பித்தளை நிறத்தில் ஒன்று அழகாக இருந்தது. பழக்கதோஷத்தில் என் கை அதன் பக்கம் போனது. அவள் மேஜையைச் சுற்றி வந்து, அகலப் பட்டை வைத்த அந்த வெள்ளை மூடியை, ஆபரேஷன் அறை மூடியை, இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள்.

"இதுதாம்மா. இதுதான் மூடின்னு தெரியுது."

இப்போது அது எங்கள் ஹாலில் இருக்கிறது. அழகு என்று சொல்ல முடியாது. போன வாரம் பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருவர் பத்திரிகை வைக்க வந்தார். உட்கார்ந்ததும் அவர் கண் அங்கேதான் போனது. "இது என்னத்தா சுவத்துல, ஆசுபத்திரி மாதிரி?" என்றார். எனக்கு வாய் பழைய கதைக்குத்தான் போனது. டைபாய்டு என்று தொடங்க 'டை' வரை வந்துவிட்டது.

அடுப்படி வாசலில் தோசையோடு நின்ற மகள் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு வேர்க்காதுல்ல, அதுக்கு" என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்த்து வாயில் போட்டாள்.